மலை மேல யாரு தண்ணி ஊத்துறா?

சேமிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச என்னைவிடத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நான் செத்துப்போன மரக்கன்றுகளைப் பற்றிப் பேசுறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசியில், எங்கள் குழுவின் பொது நிதியில் பணம் எடுத்து, கண்மாய்க்கரையில் 60 கன்று வச்சோம். வேம்பு, புங்கை, உசில். தண்ணி ஊத்துற பொறுப்பு என்னோடது. தினம் சாயங்காலம் கன்றுக்கு ஒரு சொம்பு ஊத்தினேன். சீக்கிரம் வளரட்டும்னு வீட்டில் மிச்சம் கிடந்த யூரியாவையும் கைப்பிடி கைப்பிடியா போட்டேன். நாலு நாளில் இலை கருக ஆரம்பிச்சது. சித்திரைக்குள் மிஞ்சினது 11. கூட்டத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

அந்த ஆடியில் அழகர்கோயிலுக்குப் போனோம். நூபுரகங்கையில் தீர்த்தமாடிட்டு இறங்கும்போது என் மகள் கேட்டாள்: "ஏம்மா, இந்த மலையில இருக்குற மரத்துக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துறா?" எனக்குப் பதில் வரலை. வீட்டுக்கு வந்து அவளோட பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்தேன். நானும் படிச்ச பாடம்தான், ஆனா அப்போ பரீட்சைக்குப் படிச்சேன்.

வேர் முழுக்கத் தண்ணி குடிக்கிறதில்லை. நுனிப் பக்கம் முடியைவிட மெல்லிசா வேர்த்தூவிகள் இருக்கும், அதுதான் அதிகம் குடிக்குது. மண்ணில் உள்ள தண்ணியைவிட வேருக்குள் உப்புச்சத்து கூடுதல், அதனால் தண்ணி உள்ளே போகுது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணி விட்டுக்குதே, அதே கணக்குதான். நான் யூரியாவைக் கொட்டி வெளியே உப்பைக் கூட்டிட்டேன். வேரில் இருந்த தண்ணியும் வெளியே வந்திடுச்சு. கன்றை ஊறுகாய் போட்டிருக்கேன்!

தண்ணியை மேலே ஏத்துறது பெரும்பாலும் இலைதான். வெயிலில் இலை வழியா ஆவி போகப் போக, சைலம் குழாயில் இருக்கிற தண்ணி அறுந்துபோகாத நூல் மாதிரி கீழேயிருந்து இழுபட்டு வரும். குடிக்கிற 100 குடத்தில் 95-க்கு மேல் இப்படி ஆவியாவே போயிடும். அதனால்தான் உசில் மாதிரி காட்டு மரங்கள் கோடையில் இலையை உதிர்த்துடுது. உதிர்க்கும் முன்னால் இலையில் உள்ள சத்தில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கும், வீடு காலி பண்றவங்க பித்தளைப் பாத்திரத்தை முதல்ல எடுக்குற மாதிரி. மீதி சருகாகி நிலத்தை மூடுது. மதுரைப் பக்கம் வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் அளவுதான் மழை. அதில் பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்யுது. சருகு கிடந்தால் அந்த மழை ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கும், சருகும் மக்கி எருவாகும். நாம என்ன பண்றோம், வாசல் கூட்டிச் சருகைக் கொளுத்துறோம். தழைச்சத்து புகையாப் போயிடுது.

மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கிட்டு நகராது. வேர் எட்டாத இடத்திலிருந்து அதைக் கொண்டுவர, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நூல்கள் வேரோடு சேர்ந்து வாழுது. 'வேம்' என்று பொட்டலத்தில் விற்கிறது இதுதான். கூலியா மரம் சர்க்கரை கொடுக்கும். புங்கை, உசில் வேர் முடிச்சில் இருக்கிற பாக்டீரியாவோ காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடுக்கும். அதுக்குப் போய் நான் யூரியா போட்டிருக்கேன்.

போன ஐப்பசியில் மறுபடி 40 கன்று வச்சோம். பையைக் கிழித்து, சுருண்டிருந்த வேரை விரிச்சு விட்டோம். பழைய புங்கமரத்தடி மண்ணில் ரெண்டு கை அள்ளிக் குழியில் போட்டு, மேலே சருகு மூடாக்கு. தினம் சொம்பு கிடையாது. சொம்புத் தண்ணி மேல்மண்ணோடு நின்னுடும், வேரும் மேலேயே சுத்திக்கிட்டிருக்கும். மழை விட்டதும் வாரம் ஒரு தடவை ரெண்டு குடம், வேர் தண்ணியைத் தேடிக் கீழே போகட்டும்னு. கோடை தாண்டி 31 நிக்குது. போன 9-ல் 5 ஆடு கடிச்சது, அதுக்குப் பாடப் புத்தகத்தில் வழியில்லை.

வர்ற ஐப்பசிக்கு இன்னும் 50 குழி வெட்டப் போறோம். சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வைங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்.