ஆணையை மீறுவது வேறு, கருத்தைச் சொல்வது வேறு

நீதிமன்ற அவமதிப்பு குறித்த இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பை நல்கிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு என் நன்றி.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 129-ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்திற்கும், 215-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கும் அவமதிப்போரைத் தண்டிக்கும் அதிகாரத்தை வழங்கியுள்ளன. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், உரிமையியல் அவமதிப்பு, குற்றவியல் அவமதிப்பு என அவமதிப்பை இரண்டாக வகுத்தது. தண்டனையின் உச்சவரம்பு ஆறு மாத வெறுங்காவல், 2,000 ரூபாய் அபராதம்.

முதல் வகை, ஆணையை வேண்டுமென்றே மீறுவது. இதில் நீதிமன்றம் தளரவே கூடாது. அயோத்தியில் கட்டுமானம் கூடாதென்ற ஆணை 1992-இல் மீறப்பட்டதற்காக, அப்போது உத்தரப் பிரதேச முதல்வராக இருந்த கல்யாண் சிங்குக்கு உச்ச நீதிமன்றம் 1994-இல் ஒருநாள் சிறைத்தண்டனை விதித்தது. முதல்வரையே கேள்வி கேட்கும் இந்த அதிகாரம்தான் எளியவருக்கும் அரண். ஓய்வூதிய வழக்கில் வென்ற பிறகும் ஆணை நகலோடு அலுவலகம் அலுவலகமாக அலையும் முதியவருக்கு அவமதிப்பு மனுவே கடைசித் துணை.

சிக்கல் இரண்டாம் வகையில், குறிப்பாக ‘நீதிமன்றத்தின் மாண்பைக் குலைத்தல்’ என்னும் பகுதியில் இருக்கிறது. நீதிபதிகள் வர்க்கச் சார்புடன் தீர்ப்பளிக்கிறார்கள் என்று 1967-இல் கேரள முதல்வராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு பேசினார். அது அவமதிப்பே என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முன்பு விதிக்கப்பட்ட அபராதத்தை மட்டும் 1,000 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தது. ஏறத்தாழ அதே குற்றச்சாட்டைப் பின்னாளில் மத்திய அமைச்சர் சிவசங்கர் சொன்னபோது, அது அவமதிப்பாகாது என்று 1988-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது குற்றம் என்பது அமர்வுக்கு அமர்வு மாறுமானால், குடிமகன் எந்த எல்லைக்குள் நின்று பேசுவான்?

பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு கூறிய உண்மையை எதிர்வாதமாக ஏற்கலாம் என்று 2006-இல் வந்த திருத்தம் நல்ல முன்னேற்றம். இங்கிலாந்தோ ‘நீதிமன்றத்தின் மாண்பைக் குலைத்தல்’ என்னும் குற்றத்தையே 2013-இல் நீக்கிவிட்டது. ஆனால் நம் சட்ட ஆணையம், சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று 2018-இல் பரிந்துரைத்தது. ஆணையத்தின் கருத்தை மதிக்கிறேன். அதன் முடிவோடு உடன்பட இயலவில்லை. ஆணையை மீறுவோரையும், விசாரணைக்கு இடையூறு செய்வோரையும், சாட்சிகளை மிரட்டுவோரையும் தண்டிக்கும் அதிகாரம் முழுமையாக நிலைக்கட்டும். தீர்ப்பையும் நீதித்துறையையும் விமர்சிக்கும் பேச்சு அதன் வரம்புக்குள் வரக் கூடாது. நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கையைக் காரணம் கூறும் தீர்ப்புகளே வளர்க்கும். தண்டனை அச்சம் வளர்க்காது.

இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறை சொல்வதோடு நில்லாமல், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் எந்தச் சொற்கள் நீங்க வேண்டும், எவை சேர வேண்டும் என்பதைத் திருத்த வரைவாகவே எழுதித் தாருங்கள். அந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.