செத்த காலேஜுக்கு உயிர் கொடுப்பது யார்?



எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னை மக்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. உயிரியல் பூங்கா 'உயிர் காலேஜ்'. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை நவீனமாக்க வேண்டும் என்றதும் தொடுதிரை, புது விளக்கு என்கிறார்கள். வரட்டும். நான் கேட்பது வேறு: அங்கே அறிவாளி யார், காட்சிப்பொருள் யார்?

1885இல் அதன் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அந்த அளவுகளையும் சேர்த்துத் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். இருளர்களும் அதில் ஒரு பதிவு. 1948இல் அண்ணல் அம்பேத்கர், இத்தகைய மூக்களவுப் புள்ளிவிவரங்களைக் கொண்டே, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமல்ல என்று வாதிட்டார். அளவுகோலை அவர்கள் பக்கமே திருப்பினார்.

அதே இருளர்கள்தான் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துப் பாம்புக்கடி மருந்துக்குத் தருகிறார்கள். நஞ்சு எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாம்புக் கூடத்தை இருளர்கள் விளக்கட்டும். மீன் கூடத்தைக் காசிமேட்டு மீனவர்கள் விளக்கட்டும். ஒருநாள் விருந்தினராக அல்ல. சம்பளத்தோடு, முடிவெடுக்கும் குழுவில் இடத்தோடு. தர்ஸ்டன் அளந்த கதையையும் எல்லோரும் படிக்கும்படி அங்கே எழுதி வையுங்கள்.

அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே பாடம் நடத்தும் நாளில்தான் அந்தக் காலேஜுக்கு உயிர் வரும்.

ஜெய்பீம்!