பிளந்த பாறையில் எண்ணெய் ஓட்டமும் நமது கணக்கும்

(மும்பை மாட்டுங்காவில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்கு மேற்கே, கடலில் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் மும்பை ஹை எண்ணெய் வயல் உள்ளது. 1974-இல் அங்கே எண்ணெய் காணப்பட்டது; 1976-இல் உற்பத்தி தொடங்கிற்று. அவ்வெண்ணெய் உரண் வழியாகச் செம்பூரை அடுத்த சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வந்து சேருகிறது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாகவே நுண்துளைகள் உண்டு. ஆயினும் எல்லாப் பாறைகளும் அவ்வளவு தாராளமானவை அல்ல. ராஜஸ்தானத்துப் பார்மர் ஹில் படிவம் இறுகிய பாறை. அங்கே கிணற்றைக் கிடைமட்டமாகத் திருப்பி, மணல் கலந்த நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பல இடங்களில் பிளவு உண்டாக்குகிறார்கள். மணல் அப்பிளவு மூடாமல் தாங்கி நிற்கும்.

நான் பொருளாதாரம் பயின்றவன், பொறியாளன் அல்லன். எனினும் செலவுக்கு ஒப்புதல் அளிப்போர் இவ்வோட்டத்தின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

பாறைக்குள் ஓட்டம், 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்ட விதிப்படி, அழுத்தச் சரிவுக்கும் பாறையின் ஊடுருவு தன்மைக்கும் ஏற்ப அமைகிறது. பிளவுக்குள்ளோ, அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒன்றாகும்.

மாட்டுங்கா நிலையத்தில் நிற்கும் மின்சார ரயிலை எண்ணிப் பாருங்கள். வாயிலருகே நிற்போர் உடனே இறங்குவர். உள்ளிருப்போர் மெல்ல வருவர். வாயில்களைக் கூட்டினால் விரைவு கூடும், பயணிகள் கூடமாட்டார்கள். பிளவுகளும் அத்தகைய வாயில்களே. தொடக்கத்தில் உற்பத்தி, காலத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதமாகக் குறையும்: 100-ஆம் நாளில் இருந்த அளவு 400-ஆம் நாளில் பாதி. அடுத்தடுத்த பிளவுகள் ஒரே எண்ணெய்க்குப் போட்டியிடத் தொடங்கியபின் வீழ்ச்சி மிக விரைவாகும். பிளவுகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் அந்நிலை நான்கில் ஒரு பங்கு காலத்திலேயே வந்துவிடும்.

இடர்ப்பாடு இங்கேதான். முதற்கட்ட அளவீடுகள், பிளவுகளின் பரப்பையும் ஊடுருவு தன்மையின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையை மட்டுமே காட்டும். 12 என்பது மூன்று நான்கா, இரண்டு ஆறா என்று அதிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆர்ப்ஸ் 1945-இல் வகுத்த வீழ்ச்சிச் சூத்திரத்தில் அக்கட்டத்து எண்களை இட்டு நீட்டினால், கிணறு முடிவின்றி எண்ணெய் தரும் என்றே விடை வரும்!

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கணக்கொன்று என் மேசைக்கு வந்தது. ஆறு மாத உற்பத்தியை இருபது ஆண்டுகளுக்கு நீட்டியிருந்தார்கள். நானும் ஆதரித்துக் குறிப்பெழுதினேன். இளம் பொறியாளர் ஒருவர் வரைபடத்தைக் காட்டி விளக்கியபின் அக்குறிப்பைத் திரும்பப் பெற்றேன்.

மதிப்பீட்டுப் பிழை நமக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவின் மான்டரே படிவத்தில் எடுக்கத்தக்க எண்ணெய் 1,370 கோடி பீப்பாய் என்றிருந்த மதிப்பீட்டை, அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2014-இல் சுமார் 60 கோடியாகக் குறைத்தது.

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டிற்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, இறுகிய பாறைகளை ஒதுக்கிவிட இயலாது, ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கிணற்றைச் சில நாட்கள் மூடி வைத்து அழுத்தத்தை அளப்பதற்கு ஆகும் செலவை வீண்செலவென்று வெட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒற்றை எண்ணுக்கு மாறாகக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த மதிப்பீடுகள் மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். பிளவுகளின் போட்டி தொடங்கிவிட்டதா என்பதற்கு விடை இல்லாத கோப்பை, இப்போதெல்லாம் நான் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.