வண்டியின் பாரமும் மடியின் பாரமும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளின் பாரத்தைக் குறைந்த செலவில் குறைப்பது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். பெரியோர் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தோர் நம்மிலும் உண்டு. இன்றோ, ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை தேயிலை மலைகளுக்கூடே 22 கட்டங்களாக அமைந்துள்ளது. மலைநாட்டுக்கு வருவோர் ஓட்டும் விலையுயர்ந்த, இலேசான வண்டிகளைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை பிறக்கிறது. ஆசை பிழையன்று. அந்த ஆசைக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

மலைச் சைக்கிள் பிறந்த கதையைச் சற்றே கேளுங்கள். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாயிஸ் மலையடிவாரத்து வாலிபர்கள் கழித்துப் போட்ட பழைய தடித்த சைக்கிள்களை வாங்கினார்கள். அவை 20 கிலோவுக்கு மேலும் நிறுத்தன. மட்கார்ட் முதலிய வேண்டாதவற்றைக் கழற்றினார்கள். நல்ல பிரேக்கையும் கியரையும் பூட்டினார்கள். 1976இல் மலையிலிருந்து இறங்கும் போட்டியையும் தொடங்கினார்கள். 1977இல் அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய வண்டி கட்டினார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி இடம்பெற்றது. இத்தனைக்கும் தொடக்கம் பழைய வண்டியும் கைவேலையுமே.

நிற்க. பாரம் குறைந்தால் உண்மையில் எவ்வளவு நன்மை? ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் ஏறும்போது கால்கள் தூக்குவது 75 கிலோவை. வண்டியை மட்டும் அன்று. வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்தால் 75இல் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மணித்தியாலம் எடுக்கும் ஏற்றத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 48 விநாடிகள். போட்டிக்காரனுக்கு அது பெரிது. நமக்கோ, அந்த 48 விநாடிகளுக்கு எத்தனை நாட்சம்பளம் கொடுக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே முதலில் காசில்லாத வேலை. கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசைப் போன்ற ஒன்றில் வண்டியை நிறுத்து, எடையை எழுதி வையுங்கள். இரும்பு ஸ்டாண்ட், பாவிக்காத கரியர், காரணமின்றிப் பூட்டிய அலங்காரங்கள் ஆகியவற்றைக் கழற்றுங்கள். மணியையும் விளக்கையும் தொடவேண்டாம். நம் மூடுபனியில் அவை உயிர்க்காவல். பின்னர் செயினைக் கழுவி எண்ணெய் இடுங்கள். சில்லுகளின் அச்சுக்குக் கிறீஸ் வையுங்கள். இதனால் எடை குறையாது. ஆனால் மிதிப்பது எளிதாகும்.

இரண்டாவது, காசு கொடுத்து மாற்றும் பொருள்கள். எதை வாங்குமுன்னும், விலையைக் குறையப்போகும் கிராமினால் பிரித்துப் பாருங்கள். 4,000 ரூபாவில் 400 கிராம் குறைந்தால் கிராமுக்கு 10 ரூபா. 12,000 ரூபாவில் 100 கிராம் குறைந்தால் கிராமுக்கு 120 ரூபா. பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டியவை டயரும் டியூபும். கம்பி விளிம்புள்ள டயருக்குப் பதில் மடிக்கக்கூடிய டயரைப் போட்டால், ஒன்றுக்கு 100 கிராமளவு குறையலாம். சில்லின் ஓரத்தில் உள்ள பாரம், வேகம் எடுக்கும்போது ஏறக்குறைய இரு மடங்காக உணரப்படும்; ஆதலால் வளைவுக்கு வளைவு மிதித்து வேகமெடுக்கும் நம் பாதையில் அது பயன் தரும்.

முன்னால் உள்ள மூன்று பல்சில்லுகளை ஒன்றாக்கினால் நல்ல எடை குறையும். ஆனால் கணக்குப் பாருங்கள். முன்னே 22 பல், பின்னே 34 பல் என்றால், ஒரு மிதிக்குப் பின்சில்லு 0.65 சுற்றே சுற்றும். அதனால்தான் செங்குத்து மேட்டிலும் ஏறமுடிகிறது. முன்னே 32 பல்லை மட்டும் வைத்துப் பின்னே அதே 34ஐ விட்டால், அது 0.94 ஆகிவிடும். வண்டி இலேசாகும், ஏற்றம் கடினமாகும். பின்னே 46 பல் வரை உள்ள பெரிய தொகுதி கிடைத்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். பிறர் பாவித்த கார்பன் ஹேண்டில்பாரை மலிவென்று வாங்காதீர்கள். உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

என் கதையொன்றையும் சொல்லவேண்டும். வாலிப வயதில் நானும் பாரம் குறைக்கப் புறப்பட்டேன். அம்மா தீபாவளி முற்பணம் எடுத்துத் தந்த காசில், ஓரம் மெலிந்த பந்தய டயர்கள் இரண்டு வாங்கினேன். இரண்டிலும் சேர்ந்து குறைந்தது 400 கிராம். மழை நாளொன்றில் மலையிலிருந்து இறங்கும் வளைவில், கூரிய கல் டயரின் பக்கத்தைக் கிழித்தது. என் மணிக்கட்டு முறிந்தது. டயர் அன்றே குப்பைக்குப் போயிற்று. முற்பணமோ அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் கழிந்துகொண்டே இருந்தது. அம்மா ஏசவில்லை. "சைக்கிள்ல கொறஞ்ச பாரம் என் முதுகுல ஏறிருச்சுடா தம்பி" என்று மட்டும் சொன்னார். கூடை சுமந்த முதுகு அது. அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

நண்பர்களே! நம் ஊரில் ஏறியவன் இறங்கியே ஆகவேண்டும். ஆகையால் பிரேக் கட்டை, பிரேக் கம்பி, கல்லைத் தாங்கும் டயர் ஆகிய மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். உறுதி, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டுதான் சேர்ந்து கிடைக்கும் என்பது சைக்கிள் உலகம் அறிந்த உண்மை. நாம் உறுதியையும் மலிவையும் எடுத்துக்கொள்வோம். இலேசு வந்த மட்டும் வரட்டும்.

முடிவாக இச்சபைக்கு ஒரு விண்ணப்பம். செயின் கழற்றும் கருவி, ஸ்பானர் தொகுதி, காற்றுப் பம்பு, தராசு ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒருவருக்கு உதவாத பொருள் இன்னொருவர் வண்டிக்குப் பொருந்தலாம். இதற்குக் கடனும் வேண்டாம், முற்பணமும் வேண்டாம்.