கராச்சும் இஸ்தோப்பும்



வாகனத்தை விற்றாயிற்று. கராச் சும்மா கிடக்கிறது. மகனுக்குக் கல்யாணம், ஓர் அறை வேண்டும். உடனே ஷட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான். கராச்சுக்குக் காற்றும் வெளிச்சமும் பெரும்பாலும் அந்த ஒரே வழியால்தான் வருகின்றன.

மாத்தளைத் தோட்டங்களுக்கு இது பழைய கதை. எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்து லயங்களிலும் குடும்பம் பெருகப் பெருக, முன்பக்க விறாந்தையான இஸ்தோப்பு அறையாக மாறியது. பலகை, தகரம், கிடைத்ததை வைத்து அடைத்தார்கள். இடம் கிடைத்தது. வெளிச்சம் போனது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயத்தில் பின்பக்கம் ஜன்னலுக்கு ஏது வழி? உள்ளறைக்குப் பகலிலும் விளக்கு வேண்டியதாயிற்று. அடுப்புப் புகை உள்ளேயே சுற்றியது. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. ஒற்றைக் காம்பிராவில் மூன்று தலைமுறை வேறென்ன செய்யும்?

கராச் வைத்திருப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஷட்டரை அடைக்கும் முன் எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் திறக்கலாம். நினைவிருக்கட்டும்: முதலில் ஜன்னல், பிறகு சுவர்.

தரையையும் பாருங்கள். கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகக் கராச் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும். மாத்தளையின் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தத் தரை ஈரம் காயாது. பழைய தரைமேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் கொங்கிரீட் போட்டு, முற்றத்தைவிட உயர்த்திக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்கும் முன், மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.