கொழுந்தின் மயிரும் பருத்தி நாரும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாவரவியல் படித்த நாங்கள் மூவரும் பருத்தியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "மலையில் ஏது பருத்தி?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நுவரெலியாக் குளிரில் பருத்தி விளையாது. ஆனால் கொழுந்து எடுக்கும் கைகளுக்குப் பருத்தி நாரின் சொந்தத்தை நன்றாகத் தெரியும்.

விரியாத தேயிலை மொட்டைத் தடவிப் பாருங்கள். வெள்ளை மயிர் மெத்தென்று படிந்திருக்கும். சில்வர் டிப்ஸ் தேயிலைக்கு வெள்ளி நிறம் தருவது அதுதான். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் ஒரே ஒரு கலம். பருத்தி நாரும் அப்படியே. விதையின் மேற்றோலிலுள்ள ஒரு கலம், பூ மலரும் நாளில் வெளியே நீளத் தொடங்கும். மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் ஆகிவிடும். பிறகு உட்புறமாகச் செலுலோசு படிந்து சுவர் தடிக்கும். முற்றிய நாரில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் செலுலோசு. இன்று நாம் உடுத்தி வந்த நூற்சேலையெல்லாம் தனித்தனிக் கலங்களை முறுக்கி நெய்ததுதான்.

மேற்றோலில் ஏறக்குறைய நாலில் ஒரு கலம் மட்டும் நாராவது ஏன்? அதைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகளைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். 2004இல் சீன ஆய்வாளர்கள், பருத்தி நாரில் வேலை செய்யும் ஒரு பரம்பரையலகை எடுத்து, இலையில் மயிரே முளைக்காத ஒரு கடுகுக் குடும்பச் செடியில் சேர்த்தார்கள். அந்த இலையில் மயிர் முளைத்தது! தேயிலை மொட்டிலும் இதே குடும்பத்துப் பரம்பரையலகுகளை இப்போது தேடுகிறார்கள்.

இந்த அறிவு வருமுன்பே கோயம்புத்தூரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரு பருத்திகளைக் கலந்து, 1974இல் 'சுவின்' என்ற மிக நீள நார்ப் பருத்தியை வெளியிட்டார்கள். பெயரும் தாய் தகப்பன் இருவரிடமும் எடுத்ததுதான். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறிப்போன நம் தோழிகள் சிலர் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் நின்றவர்கள். பருத்தி நாரை நம்மைவிட அவர்களே அதிகம் தொட்டிருப்பார்கள்.

தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாம் 'வீ.பி.' என்று சொல்லும் டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் அங்கிருந்து வந்தவை. தாய்ச்செடியின் ஒரு துண்டை நட்டால் அதே செடி. புது இனம் வேண்டுமென்றால் கலந்து, வளர்த்து, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு, கொழுந்தைத் தொட்டவுடனே பதம் சொல்லும் அம்மாமாரின் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. கலைப் பிரிவு குறைந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. விஞ்ஞானத்தில் விருப்பமுள்ள பிள்ளை வழியில்லாமல் கலைக்குப் போவதுதான் எங்களுக்கு வருத்தம்.

ஆகவே எங்கும் பரந்திருக்கும் பழைய மாணவியரிடம் இரண்டு கேட்கிறோம். நம் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் வேண்டும். உயிரியல், இரசாயனவியல் படித்தவர்கள் சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம், இணையவழியிலாவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பெயர் தர விரும்புவோர் இன்றே சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். வைத்துப் பார்க்கக் கொழுந்து நாங்கள் கொண்டுவருகிறோம்.