பாட்டும் சேமிப்பும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம திருவண்ணாமலைப் பக்கம் நாற்று நடும்போது பாட்டுப் பாடாத பெண்கள் யாரு? ஆனா மைக்கைக் கொடுத்தா முந்தானையால வாயை மூடிக்குவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

மதுரைக்குப் பக்கத்துல பரவையைச் சேர்ந்த முனியம்மாவை நினைச்சுப் பாருங்க. மேடை மேடையா நாட்டுப்புறப் பாட்டுப் பாடினவங்க. 2003-ல் ‘தூள்’ படத்துல பாடி நடிச்ச பிறகுதான் தமிழ்நாடே அவங்களைத் தெரிஞ்சுக்கிச்சு. அப்பவே பாட்டி வயசு! அப்புறம் பல படங்கள்ல நடிச்சாங்க.

புகழ் வந்தும், வயசான காலத்துல நோயும் பணக் கஷ்டமும் விடல. 2015-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாயை அவங்க பேர்ல வைப்புத்தொகையாப் போட்டு, மாசாமாசம் வட்டி வர ஏற்பாடு செஞ்சாங்க. 2020 மார்ச்சில் முனியம்மா காலமானாங்க.

கைதட்டல் மாத்திரை வாங்கித் தராது. நம்ம பேர்ல இருக்கிற பணம்தான் தரும்.

போன வருஷம் ஒரு கோயில் திருவிழாவுல முதல் தடவையா மைக் பிடிச்சுப் பாடினேன். 500 ரூபாய் கொடுத்தாங்க. “பாட்டுக்குமா காசு?”ன்னு கேட்டார் வீட்டுக்காரர். நேரா குழுக் கணக்குல கட்டிட்டேன்.

நீங்களும் பாடுங்க. காசு வந்தா உங்க பேர்லயே சேமிங்க.